களவெட்டியிலிருந்து பண்டகசாலை வரை
திருகோணமலை மாவட்டத்திற் சிறு விவசாயியின் நெற்சுமை: ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்து நெற்செய்கையின் வரலாற்றை எழுதியோர் குளத்தைப் பற்றி நிறைய எழுதியுள்ளனர். வயலைப் பற்றியும் ஓரளவு எழுதியுள்ளனர். வண்டியைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. குளங்கட்டிய மன்னர்க்குக் கல்வெட்டும் ஐதிகமும் உண்டு. வயலை உழுதவனுக்கு நாட்டார் பாடலேனும் உண்டு. விளைந்த நெல்லைக் களத்திலிருந்து சுமந்து சென்ற எருதும் வண்டியும் லொறியும் வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிட்டன. ஆயினும் உழவனின் கைக்கு எட்டும் விலை எவ்வளவு என்பதைப் பல வேளைகளில் தீர்மானித்தது குளமுமன்று, வயலுமன்று. சுமையை ஏற்றிச் சென்ற ஊர்தியே. திருகோணமலை மாவட்டத்தின் அனுபவத்தைக் கொண்டு இவ்வுண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருகோணமலைப் பட்டினத்தின் புறத்தே அமைந்த லிங்கநகர் வயற்கிராமமன்று. துறைமுகத்தையும் பட்டினத்துத் தொழில்களையும் சார்ந்து வாழும் குடியிருப்புகளுள் அதுவும் ஒன்று. இத்தகைய குடியிருப்பின் அடுப்பில் உலையேறும் அரிசிக்கும், ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கந்தளாய் வயலிலே கதிர் முற்றும் நெல்லுக்கும் இடையே ஒரு நெடும்பாதை கிடக்கின்றது. அப்பாதையில் யார் சுமந்தார், யாருடைய ஊர்தியிற் சுமந்தார், என்ன கூலிக்குச் சுமந்தார் என்னும் வினாக்களே ஈண்டு எழுப்பப்படுகின்றன.

பற்றுகளும் பாதைகளும்

பழைய நிருவாகப் பிரிவுகளின்படி திருகோணமலைப் பிரதேசம் பட்டினமும் சூழலும், கட்டுக்குளப் பற்று, தம்பலகாமப் பற்று, கொட்டியாரப் பற்று என நான்காக வகுக்கப்பட்டிருந்தது. இவற்றுள் தம்பலகாமமும் கொட்டியாரமும் நெல்லுக்குப் பெயர்பெற்றவை. தம்பலகாமத்து வயல்வெளி கந்தளாய்க் குளத்து நீரைக் கொண்டு விளைவது. கொட்டியாரமோ மகாவலி கங்கையும் அதன் கிளையான வெருகலாறும் கடலைச் சேரும் தாழ்நிலம். கந்தளாய்க் குளத்தைச் சிங்கள வரலாற்று நூல்கள் அநுராதபுர மன்னரோடு தொடர்புபடுத்துகின்றன. தமிழர் ஐதிகம் அதனைக் குளக்கோட்டனோடு இணைக்கின்றது. கோணேசர் கோயிலுக்கு ஊர்தோறும் வகுக்கப்பட்ட கடமைகளைக் கோணேசர் கல்வெட்டு பேசுகின்றது. கோயிலுக்கு நெல் அளப்பது கடமையாயிருந்த காலத்தில், அந்நெல்லைக் கோயில் வாசல்வரை கொண்டு சேர்ப்பதும் கடமையோடு கடமையாகவே இருந்திருத்தல் வேண்டும். சுமைக்கூலி என்பது தனியொரு செலவாகக் கணக்கிடப்படாத சமுதாயம் அது.

நில அமைப்பை நோக்குமிடத்து இவ்விரு பற்றுகளின் போக்குவரத்து வாய்ப்புகள் ஒன்றற்கொன்று மாறுபட்டவை என்பது புலனாகும். கந்தளாயும் தம்பலகாமமும் உள்நாட்டை நோக்கிச் செல்லும் பெருவீதியைச் சார்ந்தவை. கொட்டியாரமோ பட்டினத்துக்கு எதிரே, குடாவின் மறுகரையிற் கண்ணுக்குத் தெரியும் தொலைவிற் கிடந்தும், ஆறுகளாலும் களப்புகளாலும் பிரிக்கப்பட்டது. மூதூர் நெல் பட்டினம் சேரக் குடாவைத் தோணியிலே கடக்க வேண்டும். அன்றேல் துறைதோறும் பாதையேறிச் சுற்றிவர வேண்டும். ஆற்றைக் கடக்க உதவும் மிதவையைக் கிழக்கிலங்கை மக்கள் ‘பாதை’ என்றே வழங்குவர். நீர்மேல் மிதக்கும் பலகையே பாதையெனப் பெயர் பெற்றமை அப்பிரதேசத்தின் போக்குவரத்து வரலாற்றைச் சுருங்கச் சொல்வதாகும்.

தவளமும் வண்டியும்

சில்லுள்ள வண்டிகள் செல்லத்தக்க வீதிகள் அமைவதற்கு முன்னர் உள்நாட்டு வாணிபம் தவளத்தாலேயே நடைபெற்றது. முதுகில் பொதியேற்றிய எருதுகள் வரிசையாகச் செல்லும் தவளங்கள் கடற்கரையிலிருந்து உப்பையும் கருவாட்டையும் உள்நாட்டுக்குக் கொண்டு சென்று, அங்கிருந்து விளைபொருள்களைக் கொண்டு மீண்டன. இவ்வாணிபத்தில் முஸ்லிம் வணிகர் சிறப்பிடம் வகித்தனர். 1660 ஆம் ஆண்டிற் கொட்டியாரத்திற் சிறைப்பிடிக்கப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபதாண்டுகள் கழித்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் 1681 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, அறுவடையில் அயலவர் ஒருவர்க்கொருவர் உதவிய முறையையும் மாடுகளைக் கொண்டு சூடு மிதித்த முறையையும் விவரித்துள்ளார். விளைவித்தவனே பெரும்பாலும் உண்பவனாயிருந்த அக்காலத்தில் நெல் நெடுந்தூரம் செல்ல வேண்டிய தேவை குறைவாகவே இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானிய அரசு பழைய குளங்கள் பலவற்றைத் திருத்தியபோது கந்தளாய்க் குளமும் திருத்தப்பட்டது. வீதிகளும் அமைந்தன. வீதியோடு மாட்டு வண்டி வந்தது. வண்டி வந்ததும் கிராமத்தில் ஒரு புதிய வேறுபாடு தோன்றியது. வண்டியும் எருதும் உடையவன், அவை இல்லாதவன் என்பதே அவ்வேறுபாடு. பெருநிலமுடைய போடியாருக்கு வண்டி இருந்தது. இரண்டு ஏக்கர் செய்த குடியானவன் தன் நெல்லை அவ்வண்டியில் ஏற்றுவித்து, அதற்கான கூலியை நெல்லாகவே அளந்தான். சூடு மிதித்து முடிந்த களவெட்டியிலேயே விதைநெற் கடன், வட்டி, வெட்டுக்கூலி, வண்டிக்கூலி என்பன ஒன்றன்பின் ஒன்றாக அளந்து நீக்கப்பட்டன. எஞ்சியதே அவன் வீட்டுக்குப் போனது.

1927 ஆம் ஆண்டிற் கல்லோயாச் சந்தியிலிருந்து திருகோணமலைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் நிலையங்கள் அமைந்தன. ஆயினும் புகையிரதம் வயலுக்கு வருவதில்லை. களவெட்டியிலிருந்து நிலையம் வரையுள்ள முதல் இரண்டு மூன்று மைல்களை மூட்டை எவ்வாறு கடந்தது என்பதே சிறு விவசாயியின் சிக்கல். பாதை சேறாகக் கிடக்கும் காலமும் அறுவடைக் காலமும் அடுத்தடுத்து வருவன. அதிலும் பருவம் பிந்திய மழை பெய்துவிட்டால் வண்டி வயலோரத்தை அணுகவும் இயலாது. நூறு மைல் இரும்புப்பாதை அச்சில மைல்களுக்கு மாற்றாகவில்லை.

லொறியின் வருகை: ஒரு கணக்கு

இரண்டாம் உலகப் போர் இம்மாவட்டத்தின் நெல்லுக்குப் புதியதொரு மதிப்பை அளித்தது. யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி திருகோணமலை மீதே குண்டு வீசப்பட்டது. அரிசி பங்கீட்டு முறைக்கு உட்பட்டது. உள்நாட்டு நெல்லை அரசே கொள்வனவு செய்யும் ஏற்பாடும் தொடங்கியது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் மாட்டு வண்டியின் இடத்தை லொறி படிப்படியாகப் பிடித்துக்கொண்டது.

லொறி முன்னேற்றத்தின் சின்னம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது யாருடைய சுமையை அளவாகக் கொண்டு அமைந்தது என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்த்தல் தகும். இரண்டு ஏக்கர் வயலுடைய விவசாயி ஒருவனை எடுத்துக்கொள்வோம். 1950களின் தொடக்கத்து விளைச்சலை ஏக்கருக்கு ஏறத்தாழ 30 புசலெனக் கொண்டால், அவனுக்குக் கிடைப்பது 60 புசல். விதைக்கும் உணவுக்கும் கூலிக்கும் ஒதுக்கியபின் பாதியே விற்பனைக்கு எஞ்சுமெனின், அவன் சந்தைக்கு அனுப்ப வேண்டியது 30 புசல் மட்டுமே. ஒரு புசல் நெல் 46 இறாத்தல் நிறையுடையது. எனவே அவனது சுமை 1,380 இறாத்தல். அதாவது ஏறத்தாழ 12 அந்தர். ஐந்து தொன் ஏற்றும் லொறியொன்று 243 புசல் கொள்ளும். இத்தகைய எட்டு விவசாயிகள் ஒரே நாளிற் சூடு மிதித்து முடித்து, ஒரே இடத்தில் மூட்டைகளை அடுக்கினாலன்றி அந்த லொறி நிறையாது.

எட்டுப் பேரின் சுமையை ஒன்று சேர்ப்பவன் யார்? அவனே அச்சந்தையின் தலைவன். அவனுக்குப் பெரும்பாலும் நிலமில்லை. சாக்கும், தராசும், கையிற் பணமும், லொறிக்காரனோடு பழக்கமும் உண்டு. விதைப்புக் காலத்திற் கடன் கொடுத்து வைத்தவனும் பல இடங்களில் அவனே. களவெட்டிக்கே லொறியைக் கொண்டுவரும் வணிகன், சந்தை விலையிலிருந்து லொறிக்கூலியை மட்டுமன்றி, விவசாயிக்கு வேறு வழியில்லை என்பதன் விலையையும் கழித்துக்கொண்டான்.

தொலைவுக்கும் விலைக்கும் உள்ள இத்தொடர்பைப் பொருளியலாளர் முன்னரே கண்டுள்ளனர். ஜெர்மானிய அறிஞர் வொன் தியூனன் 1826 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பண்ணை வாசலில் தானியத்தின் விலை என்பது பட்டினத்து விலையிலிருந்து போக்குவரத்துச் செலவைக் கழித்தது எனக் காட்டினார். ஆனால் அவர் கற்பனை செய்த நாட்டில் ஒவ்வொரு விவசாயியும் தன் வண்டியிலே தன் தானியத்தைக் கொண்டு சென்றான். வண்டியில்லாத விவசாயியிடம் தொலைவு மட்டுமன்றி வண்டியுடைமையும் விலையைக் குறைக்கின்றது.

உத்தரவாத விலையும் பண்டகசாலை வாசலும்

1948 ஆம் ஆண்டில் நெல்லுக்கு உத்தரவாத விலைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1952 ஆம் ஆண்டில் அவ்விலை புசலுக்கு 12 ரூபாவாக உயர்த்தப்பட்டு, 1967 இல் 14 ரூபாவாகும் வரை அந்நிலையிலேயே இருந்தது. கொள்வனவு கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாக நடைபெற்றது. இத்திட்டம் சிறு விவசாயிக்கு நன்மை செய்ததென்பதை மறுத்தல் ஆகாது. வணிகனின் விலைக்கு ஒரு கீழெல்லையை அது வகுத்தது.

எனினும் 12 ரூபா என்பது பண்டகசாலை வாசலில் அளக்கப்பட்ட நெல்லின் விலை; களவெட்டியிற் கிடந்த நெல்லின் விலையன்று. முன்னர்க் கூறிய விவசாயி தன் 30 புசலையும் பண்டகசாலைக்குக் கொண்டு சென்றால் 360 ரூபா பெறுவான். வணிகன் களத்துக்கே வந்து 10 ரூபாவுக்குக் கேட்கிறானெனக் கொண்டால் கிடைப்பது 300 ரூபா. வேறுபாடு 60 ரூபா. அஃது ஐந்து புசல் நெல்லின் உத்தரவாத விலை. அந்த 60 ரூபாவைப் பெறுதற்கு அவன் வண்டி தேட வேண்டும், சாக்குத் தேட வேண்டும், நிரையிற் காத்திருக்க வேண்டும். நெல் ஈரமெனவோ பதரெனவோ திருப்பப்படின் மீண்டும் சுமந்துவர வேண்டும். கடன்காரனோ களத்திலேயே நிற்கின்றான். இந்நிலையில் அவன் 300 ரூபாவைப் பெற்றுக்கொண்டமையை அறியாமை என்று கூறுதல் பொருந்தாது.

பிலிப் குணவர்த்தன விவசாய உணவு அமைச்சராயிருந்தபோது இயற்றப்பட்ட 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக் குடியானவனின் உரிமையைப் பாதுகாக்கவும் வாரத்தை வரையறுக்கவும் முனைந்தது. நிலத்தின்மேற் போடியார் கொண்டிருந்த பிடி அதனால் ஓரளவு தளர்ந்தது. ஆனால் வண்டியின் மேலுள்ள பிடியைப் பற்றி அச்சட்டம் பேசவில்லை. 1957 முதல் உருவான பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அவ்வாய்ப்பு இருந்தது. 1971 ஆம் ஆண்டின் மறுசீரமைப்பில் நாடெங்கும் இருந்த ஏறத்தாழ ஐயாயிரம் சங்கங்கள் நானூறுக்கும் குறைந்த பெருஞ்சங்கங்களாக இணைக்கப்பட்டன. கிளைகள் கிராமத்தில் நிலைத்தன. ஆனால் தீர்மானம் எடுக்கும் இடம் விவசாயியிடமிருந்து விலகிச் சென்றது.

இத்தொடர்பில் டென்மார்க்கு நாட்டின் அனுபவம் ஒப்புநோக்கத்தக்கது. அங்கு 1882 ஆம் ஆண்டில் முதலாவது கூட்டுறவுப் பாற்சாலை தோன்றியது. அவ்வியக்கத்திற் சங்கத்துக்குப் பால் கொண்டுசெல்லும் வண்டிகள் பண்ணைதோறும் சென்று, ஒரு பசுவுடையவனின் பாலையும் இருபது பசுவுடையவனின் பாலையும் ஒரே முறையிற் சேகரித்தன. சிறு சுமைகளை ஒன்றாக்கும் பணியைச் சங்கமே ஏற்றது. நம் நாட்டிலோ சங்கம் பண்டகசாலையைக் கட்டிக் கதவைத் திறந்து வைத்தது. வயலிலிருந்து அக்கதவு வரையுள்ள வழியை விவசாயியிடமே விட்டது.

வீதிக்குக் குறுக்கே ஒரு மரம்

1971 ஆம் ஆண்டின் சட்டத்தால் நெற் சந்தைப்படுத்தும் சபை நிறுவப்பட்டு, நெற்கொள்வனவு அரசின் தனியுரிமையாக்கப்பட்டது. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையிலே தானிய விலையும் எண்ணெய் விலையும் ஒருங்கே உயர, நாட்டில் உணவுத் தட்டுப்பாடு கடுமையாயிற்று. அரிசியையும் நெல்லையும் இடத்துக்கிடம் கொண்டு செல்வதற்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. வீதிகளிற் குறுக்கே தடைமரம் இட்டு வாகனங்கள் சோதிக்கப்பட்டன.

பதுக்கல் வணிகரை அடக்குதலே இதன் நோக்கமாகக் கூறப்பட்டது. அந்நோக்கத்தின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் பெருஞ்சுமைக்கு அனுமதிப்பத்திரம் பெறும் வழிகள் இருந்தன. சிறுசுமைக்கு அவ்வழி எளிதன்று. புதுநெல் குற்றிய அரிசியிற் சில கொத்துகளைப் பட்டினத்து மகளுக்குக் கொண்டு செல்லும் தாய் பஸ் வண்டியில் அஞ்சி அமர வேண்டிய காலமாக அது மாறியது. உறவினர்க்கிடையே இயல்பாக நிகழ்ந்த பரிமாற்றம் ‘கடத்தல்’ என்னும் பெயரைப் பெற்றது. உணவு உற்பத்தியைப் பெருக்குமாறு உழவனை ஊக்குவித்த அதே அரசு, அவன் விளைவித்ததை அவன் கையாற் கொண்டு செல்ல விடவில்லை என்னும் முரண்பாடு மக்கள் மனத்திற் பதிந்தது. 1977 ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்துக்குப்பின் இக்கட்டுப்பாடுகள் நீங்கின.

அதனை அடுத்து 1980 ஆம் ஆண்டில் திருகோணமலைத் துறைமுகத்தின் சீனன்குடாப் பக்கத்தில் பிறீமா மாவு ஆலை இயங்கத் தொடங்கியது. கடல் கடந்து வரும் கோதுமை, கப்பலிலிருந்து மூட்டையின்றியே ஆலைக்குள் இறக்கப்பட்டது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் போற்றப்படும் இக்குடாவில், பல்லாயிரந் தொன் தானியம் மனிதர் தோளிலேறாமற் கரைசேர, அதே குடாவின் மறுகரையில் பத்து மூட்டை நெல் பாதைக்காகத் துறையிற் காத்துக்கிடந்தது. பெருஞ்சுமைக்கு உலகமே வழிவிடும். சிறுசுமைக்கு ஊரும் வழிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

லாண்ட்மாஸ்டரும் போர்க்காலமும்

சிறுசுமைக்கென அமைந்த ஊர்தி ஒன்று எதிர்பாராத வழியில் வந்தது. அதுவே இருசக்கர உழவு இயந்திரம். பிரித்தானியாவில் ஆக்கப்பட்ட ஒரு வகையின் பெயரால், பின்னர் யப்பானிலிருந்து வந்தவற்றையும் மக்கள் ‘லாண்ட்மாஸ்டர்’ என்றே அழைத்தனர். உழுவதற்கென வந்த இயந்திரத்தின் பின்னே பெட்டியைப் பூட்டியதும் அது சிறு விவசாயியின் லொறியாயிற்று. வரம்போரத்து ஒழுங்கையிலும் மணற்பாதையிலும் அது சென்றது. எட்டுப் பேரின் சுமைக்காகக் காத்திராமல், ஒருவன் தன் 12 அந்தரையும் தன் வசதிப்படி கொண்டுசெல்ல அது வழிவகுத்தது. இயந்திரம் சொந்தமில்லாதவன்கூட அயலவனிடம் வாடகைக்குப் பெறலாம். களவெட்டியில் வணிகனோடு பேரம் பேசுகையில் ‘நானே கொண்டு போவேன்’ என்று சொல்லும் ஆற்றல் முதன்முறையாக அவனுக்குக் கிடைத்தது.

ஆனால் அவ்வாற்றலைப் பயன்படுத்தும் அமைதி நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1980களிலிருந்து தொடர்ந்த போர் மாவட்டத்தின் மூவின மக்களையும் இடம்பெயரச் செய்தது. வீதித் தடைகளில் மூட்டைகளை இறக்கிச் சோதித்து மீண்டும் ஏற்றுதல் வழக்கமாயிற்று. ஒவ்வொரு சாவடியும் சுமைக்கூலியை உயர்த்தியது. பொழுது சாய்ந்தபின் பயணமில்லை என்பதால் நெல் வழியிலேயே தங்கியது. 2006 ஆம் ஆண்டு யூலையில் மாவிலாற்று அணைக்கட்டின் கதவு மூடப்பட்டதைத் தொடர்ந்து மூதூர்ப் பிரதேசத்தில் போர் வெடித்தபோது, ஆயிரக்கணக்கானோர் கந்தளாயை நோக்கி அகன்றனர். நெல் ஏற்றிய பெட்டிகள் பாயும் பானையும் குழந்தைகளும் முதியோரும் ஏறிய பெட்டிகளாயின. இப்பிரதேசத்து மக்கள் பலருக்கு லாண்ட்மாஸ்டர் என்னும் சொல் அறுவடையை மட்டுமன்றி அகதிப் பயணத்தையும் நினைவூட்டுவது இதனாலேயே.

போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் ஒற்றோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் மட்டக்களப்பு வீதியின் ஏனைய துறைகளிலும் பாலங்கள் அமைந்தன. கொட்டியாரத்தையும் பட்டினத்தையும் பிரித்த நீர்ப்பரப்புகள் கடக்கப்பட்டன. நூற்றாண்டுகளாக நெல்லைக் காக்கவைத்த பாதைகள் அத்துடன் வரலாறாயின.

பச்சை நெல்லும் புதிய அவசரமும்

பாலம் வந்தபின் சிறுசுமையின் சிக்கல் தீர்ந்திருக்க வேண்டுமென எதிர்பார்த்தல் இயல்பு. நிகழ்ந்தது வேறு. அறுவடையையும் சூடடிப்பையும் ஒருங்கே செய்யும் பாரிய இயந்திரங்கள் வயலுக்கு வந்தன. பல நாள் வேலை சில மணித்தியாலங்களில் முடிந்தது. ஆனால் முன்னர் வெட்டிய கதிர் வயலிற் காய்ந்து, சூடாகக் குவிந்து, மிதிபட்டு, தூற்றப்பட்டு வருதற்குள் நெல்லும் உலர்ந்தது. விவசாயிக்கு வண்டி தேட அவகாசமும் கிடைத்தது. இயந்திரம் கொட்டுவதோ ஈரம் மிக்க பச்சை நெல். நெற் சந்தைப்படுத்தும் சபையோ ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படாத நெல்லையே ஏற்பது. உலரவைக்கத் தளமில்லாதவன் வீதியோரத்திற் பரப்ப வேண்டும். அதற்கும் வழியில்லாதவன் வரம்பில் நிற்கும் லொறிக்கே விற்க வேண்டும். அறுவடையின் விரைவு விவசாயியின் அவகாசத்தைப் பறித்து, லொறி உடையவனிடம் கொடுத்துவிட்டது.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இவ்வுண்மையை மேலும் புலப்படுத்தியது. டீசல் இல்லாமையால் இயந்திரங்கள் நின்றன. எரிபொருள் அட்டையிற் குறிக்கப்பட்ட பங்குக்காக உழவு இயந்திரங்கள் நிரையில் நின்றன. இரசாயன உர இறக்குமதிக்கு 2021 இல் விதிக்கப்பட்ட தடையினால் விளைச்சல் குன்றியிருந்த வேளையில், விளைந்த சிறிதளவையும் நகர்த்துவது அரிதாயிற்று.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, தவளம், மாட்டு வண்டி, புகையிரதம், லொறி, லாண்ட்மாஸ்டர், பாலம் என ஊர்திகளும் வழிகளும் மாறிய போதிலும் ஒரு வினா மாறாமல் நிலைத்தமை தெளிவாகும். பலருடைய சிறு சுமைகளை ஒன்று சேர்ப்பவன் யார்? போடியாரும் வணிகனும் அப்பணியைச் செய்து அதன் பயனைப் பெற்றனர். அரசு விலையை நிருணயித்ததேயன்றிச் சுமையைச் சேர்க்கவில்லை. ஒரு கட்டத்திற் சுமையைத் தடுத்தும் நின்றது. நெற் சந்தைப்படுத்தும் சபை 1990களிற் செயலிழந்து, பின்னர் 2000களின் பிற்பகுதியில் மீள இயக்கப்பட்டபோதும், பேசப்பட்டது விலையும் பண்டகசாலையுமே.

விவசாயிகள் கூட்டாக ஒரு ஊர்தியும், கூட்டாக ஓர் உலர்த்துந் தளமும், கூட்டாகச் சில நூறு சாக்குகளும் கொண்டிருப்பார்களாயின், பன்னிரண்டு அந்தர்ச் சுமையுடையவனும் ஐந்து தொன் சுமையுடையவனுக்கு நிகராகப் பேரம் பேச இயலும். பெரும் அணைக்கட்டுகளுக்கும் பாலங்களுக்கும் செலவிடப்படும் பணத்தோடு ஒப்பிடுகையில் இது மிகச் சிறிய முயற்சியே. சிறிதாயிருப்பதனாலேயே அது திட்டமிடுவோரின் கண்ணிற் படாமற் போயிற்று எனலாம். நெல்லின் வரலாற்றைக் குளத்தில் தொடங்கி வயலில் முடிக்காமல், களவெட்டியிலிருந்து பட்டினத்து அடுப்பு வரை எழுத முற்படும்போதே சிறு விவசாயி இழந்தது எவ்விடத்தில் என்பது புலப்படும். இழந்த இடம் புலப்பட்டால் அதனை மீட்கும் வழியும் புலப்படும்.